முத்தும் புழுவும்

சுவாதி நாளிலே பெய்யும் மழையின் துளி, கடல்மேல் மிதந்துவந்து வாய் திறந்து காத்திருக்கும் சிப்பியின் வயிற்றில் வீழ்ந்து முத்தாகிறது என்று புராணிகர் கூறினர்; புலவர் பாடினர்; கேட்டவர் கைகூப்பினர். அழகிய கற்பனைதான், மறுப்பாரில்லை. ஆயின், முத்துச்சிப்பி கடலடியிலே பாரைப் பற்றிக்கொண்டு கிடக்கும் பிராணி. மழை பார்க்க மேலே வருவதில்லை. இதனை அறிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்திற்கு மூழ்கி எழுந்த தூத்துக்குடி முத்துக்குளிப்பாளனைக் கேட்டிருந்தாலே போதும். கேட்டாரில்லை! கடலடியைக் கண்டவன் படிக்காதவன். படித்தவனோ கடற்கரைப் பக்கமே வராதவன். கண்டவனையும் கற்றவனையும் இப்படி இரு வேறு சாதியாக்கி வைத்த நாட்டிலே அறிவு எங்ஙனம் வளரும்?

பிறகு வந்தவர்கள் சிப்பியைப் பிளந்து பார்த்தனர். 1850களின் பிற்பகுதியில் இலங்கைப் பக்கத்துப் பார்களை ஆராய்ந்த கேலார்ட் என்னும் மருத்துவர், சிப்பிகளின் உடலிலே புழுக்களைக் கண்டு, முத்துக்கும் புழுவுக்கும் தொடர்பு உண்டென்றார். 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மனும், பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் தலைமையில் அமர்ந்த ஹார்னெலும் மன்னார் வளைகுடாவை ஆராயத் தொடங்கி, நாடாப்புழு ஒன்றின் இளம்பருவமே முத்தின் கரு என்று முடிவு கூறினர். அக்கொள்கை அப்படியே நிலைக்கவில்லை. சிப்பியின் மேலுறைத் திசுவில் ஒரு துணுக்கு, எக்காரணத்தாலோ உள்ளே சென்று, பைபோல் சூழ்ந்துகொண்டு முத்துப்பொருளைச் சுரக்கிறது. புழுவின் நுழைவு அதற்கு ஒரு வழியாகலாம், ஒரே வழியன்று என்பது இன்றைய தெளிவு. அந்தத் தெளிவைக் கொண்டுதான் 1973இல், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மனிதக் கையால் முத்து விளைவித்தனர். சுவாதி மழைக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. ஓர் அறிஞர் உரைத்ததை மற்றோர் அறிஞர் மறுத்தார். மறுத்தவரை நரகத்துக்குப் போவாய் என்று எவரும் சபிக்கவில்லை. முடிவில் முத்து கிடைத்தது.

சிப்பி, தன்னுள் புகுந்த பகையைப் பளபளக்கும் உறையிட்டுப் பூட்டிவிடுகிறது. மனிதக் குடலுக்கு அந்தத் திறமில்லை. சிப்பிக்குள் புகுந்த புழு சீமாட்டியின் கழுத்துக்கு அணியாகக்கூடும் என்று உலகம் வியந்து நின்றது. அச்சிப்பியை எடுத்துவந்தவனுடைய குழந்தையின் வயிற்றிலே புகுந்த புழுவை வியந்து பார்த்தவர் எத்தனை பேர்? நாம் எழுதப் புகுந்தது அந்தப் புழுவைப் பற்றி. அதற்குத் தோழமை பூண்ட பசியைப் பற்றி. இரண்டும் சேர்ந்து உருக்குலைத்த மனிதனைச் சுட்டிக்காட்டி, ஒரு நாள் ‘சோம்பேறி’ என்றும், மறுநாள் ‘அவன் தலையெழுத்து’ என்றும் கூறும் நாக்கைப் பற்றி.

கொற்கை முத்து என்றதும் நம் தோள்கள் பூரிக்கின்றன. பூரிக்கட்டும். ஆனால், ‘பெரிப்ளூஸ்’ என்னும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்குறிப்பேடு, கொற்கையில் முத்தெடுக்கும் வேலை தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு நடந்தது என்று ஒரு சொல் உரைத்திருக்கிறது. பாண்டியன் பெருமை பேசும் மேடைகளிலே இந்தச் செய்தியை எடுத்துரைப்பாரைக் காணோம். நாம் எடுத்துரைக்கிறோம். முத்தின் வெண்மையிலே பங்கு கேட்கும் நாம், அதை எடுத்தவனின் கைவிலங்கிலும் பங்கு கொள்ளத்தானே வேண்டும்?

ஆங்கிலேயர் காலத்துச் சலாபத்திலே ‘கடல்கட்டி’ என்றொருவன் இருந்தான். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவன்! அவன் முணுமுணுத்தாலன்றிக் குளிப்பாளர் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதால், நீராவிக் கப்பலும் தந்தியும் கொண்டுவந்த அரசே அவனுக்குக் கூலி கொடுத்து அமர்த்தியிருந்தது. இலங்கையில் அரசுச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட், தாம் கண்ட கடல்கட்டி ஒரு கத்தோலிக்கன் என்று எழுதியிருக்கிறார். மதம் மாறியது, மந்திரம் மாறவில்லை! சுறா, கண்ணுக்குத் தெரிந்த பகை. அதனால் அதற்கொரு மந்திரவாதி, அவனுக்கொரு கூலி. கண்ணுக்குத் தெரியாத பகைக்கு மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை.

அந்தப் பகையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கொக்கிப்புழு என்பது அதன் பெயர். நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவு. வெளியே கழித்த மலத்திலே அதன் முட்டை. ஈரமும் நிழலும் மணற்பாங்கும் உள்ள நிலத்திலே அது பொரிந்து இளம்புழுவாகிறது. வெறுங்காலோடு வருபவனின் தோலைத் துளைத்து உள்ளே ஏறுகிறது. குருதியோடு ஓடி நுரையீரலை அடைகிறது. இருமலில் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, குடலிலே குடியேறுகிறது. கொக்கிபோல் கவ்விக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து குருதி குடிக்கிறது. ஒரு வகைப் புழு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர்; மற்றொரு வகை அதனினும் ஐந்தாறு மடங்கு. சிறு துளிதானே என்று எண்ணவேண்டாம். சிறிய வகையே நூறு இருந்தால் நாளுக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90. கந்துவட்டிக்காரன்கூட ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுப்பான். இதற்கு ஓய்வு நாளே இல்லை.

உப்பு இப்புழுவுக்குப் பகை. உவர் ஏறிய மண்ணிலே அதன் இளம்புழு மடியும். எனவே தூத்துக்குடி உப்பளத்திலே நாள் முழுதும் உப்புநீரில் கால் வெடிக்க நிற்கும் தொழிலாளியை அளத்து மண் இந்நோய்க்குக் காட்டிக்கொடுப்பதில்லை. காட்டிக்கொடுப்பது வேறு மண். அவன் குடிசைக்குப் பின்னே, பனை நிழலிலே, கழிப்பறை இல்லாததால் ஊரே ஒதுங்கும் மண். தாமிரபரணிப் பாசனத்து வாழைத் தோட்டத்திலே அவன் உறவினர் வெறுங்காலோடு வேலை செய்யும் ஈர மண். உழைக்கும் இடத்தில் உப்பு அரிக்கிறது, உறங்கும் இடத்தில் புழு குடிக்கிறது!

இனி, மூச்சை விற்றுப் பிழைத்தவனை நினைத்துப் பாருங்கள். நீருக்கடியிலே ஒரு நிமிடம் தாங்கும் மூச்சு எங்கே இருக்கிறது? நெஞ்சிலே மட்டுமன்று, குருதியிலே இருக்கிறது. குருதியின் சிவப்பணுதான் உயிர்க்காற்றைச் சுமப்பது. அச்சிவப்பணுவை உண்டாக்க இரும்புச்சத்து வேண்டும். இரும்பைப் புழு கொண்டுபோகிறது. ஈடுசெய்ய வேண்டிய உணவோ வீட்டில் இல்லை. அவனுக்கு நிமிடம் குறைகிறது. எடுக்கும் சிப்பி குறைகிறது. பங்கு குறைகிறது. பங்கு குறைந்தால் சோறு குறைகிறது. சோறு குறைந்தால் புழுவுக்குக் கொண்டாட்டம். 1961இல் தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் முடிந்தது, பார்கள் ஓய்ந்தன. சங்கு குளிப்போரும் வலை இழுப்போரும் மூட்டை சுமப்போரும் உப்பு வாருவோரும் அதே கரையில் இருக்கிறார்கள்.

தூத்துக்குடித் துறையிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறிய தோட்டத் தொழிலாளரை அக்கரையிலே என்னவென்று அழைத்தனர்? சோம்பேறிக் கூலி! பிளேக்கையும் காலராவையும் கொண்டுவந்துவிடக் கூடாதென்று, ஊருக்கு அருகே தட்டப்பாறையிலும், கிழக்கே மண்டபத்திலும் முகாம் அமைத்து, அவர்களை நிறுத்திவைத்துச் சோதித்த பிறகே அனுப்பினர். துரையின் உடலுக்கு ஆபத்தான நோய் எது என்று பார்ப்பதிலே என்ன கண்டிப்பு! 1916இல் ராக்ஃபெல்லர் அறநிலையத்து மருத்துவர்கள் இலங்கையின் மாத்தளைத் தோட்டங்களிலே வேலை தொடங்கியபோது, சோதித்த தொழிலாளரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கொக்கிப்புழு இருக்கக் கண்டனர். மருந்து கொடுத்தனர், புழு வெளியேறியது, கழிப்பறை இல்லாத லயங்களிலே மீண்டும் ஏறியது. தேயிலை ஏற்றுமதி நிற்கவில்லை. குடிக்கும் கோப்பையில் எவன் குருதி என்று இலண்டனில் யார் கேட்டார்?

‘இது இனத்தின் இயல்பு, கீழ்ச்சாதியின் குணம்’ என்று நம்மூர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் கூறுகிறார்கள் அல்லவா? அவர்களுக்கொரு செய்தி. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே வெள்ளைத் தோல் படைத்த ஏழை உழவர்கள் இருந்தனர். வெளுத்த முகம், தொங்கிய தோள், மண் தின்னும் குழந்தைகள். அவர்களையும் அந்நாட்டார் சோம்பேறிகள் என்றே ஏசினர். 1902இல் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர் அவர்களிடம் கொக்கிப்புழு பரவியிருப்பதை எடுத்துரைத்தார். ‘சோம்பலின் கிருமி’ கண்டுபிடிக்கப்பட்டதாகப் பத்திரிகைகள் கேலியும் வியப்புமாக எழுதின. வருணாசிரமம் காணாத நாட்டிலே, மனுநூல் படிக்காத வெள்ளையன் வயிற்றிலே, அதே புழு அதே சோம்பலை விளைவித்தது! பிறப்பிலே வந்த குணம் என்றால் பூச்சி மருந்துக்கு அது ஓடுமா? சோம்பேறிகளாம்! 1908இல், தூத்துக்குடிக் கோரல் ஆலையிலே, கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு, வ.உ.சிதம்பரனாரின் வழிகாட்டுதலில் வேலையை நிறுத்தி வென்றவர்கள் இதே மண்ணின் மக்கள்தாமே?

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். ‘எல்லாம் புழுவின் செயல் என்றால், மனிதனுக்கு ஒழுக்கம் எங்கே, பொறுப்பு எங்கே? வைதிகர் விதி என்றார். நீங்கள் புழு என்கிறீர்கள். பெயர்தானே மாறியிருக்கிறது?’ என்பார். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாதது. விதியைக் காட்டுபவன் எவரையும் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறான்; கொடுத்தவன் கடவுள், பெற்றவன் பாவி, பார்த்தவன் பக்தன், கதை முடிந்தது. புழுவைக் காட்டுபவனோ, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். மண் அசுத்தமானது ஏன் என்று கேட்கிறான். காலுக்குச் செருப்பில்லாதது ஏன், கலத்தில் பருப்பில்லாதது ஏன் என்று கேட்கிறான். அப்போது பொறுப்பு ஒழிவதில்லை; இடம் மாறுகிறது. சோகை பிடித்துச் சுருண்டு கிடப்பவன் தலையிலிருந்து இறங்கி, அறிந்தும் செய்யாதவர் தலைமேல் ஏறுகிறது: ஊராட்சியின் மேல், அரசின் மேல், கூலி கொடுப்பவர் மேல், அறிந்துவிட்ட நம் மேலும்.

நரம்புச் சிலந்தி என்றொரு நோய் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலிலே கொப்புளம் கிளம்பி, நீண்ட புழு வெளிவரும் கொடுமை. அதையும் முன்வினை என்றே கூறினர். படிக்கிணற்றில் இறங்கி நீர் மொள்வதைத் தடுத்து, நீரை வடிகட்டிப் பருகச் செய்ததும் முன்வினை தீர்ந்தது! தமிழகத்தில் 1984இல் அது அற்றது. 1996க்குப் பிறகு இந்தியாவிலேயே இல்லை.

புழு பசியை உண்டாக்குகிறது என்பதைக் கண்டோம். பசி புழுவை வளர்க்கிறது என்பதோ பலருக்கும் புதிது. 1930களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலே கார்ட், ஃபாஸ்டர் என்னும் இருவர் நாய்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். நல்லுணவு பெற்ற நாய்கள் கொக்கிப்புழுவை எதிர்த்து நின்றன. சத்தற்ற உணவைக் கொடுத்ததும் எதிர்ப்பாற்றல் குலைந்து, புழு பெருகியது. மருந்து எதுவும் கொடாமல், மீண்டும் நல்லுணவு கொடுத்தனர்; நாய்கள் புழுக்களை வெளியே தள்ளின. சோறே மருந்தாயிற்று! உணவுக் குறையும் தொற்றுநோயும் ஒன்றையொன்று ஊக்கி, தனித்தனியே செய்யும் கேட்டைவிடப் பெருங்கேட்டைச் சேர்ந்து விளைவிக்கின்றன என்பதை, 1968இல் உலக சுகாதார நிறுவனம் தனி நூலாகவே வெளியிட்டது.

குன்னூரிலே மெக்காரிசன் என்னும் மருத்துவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவைப் பகிர்ந்தளித்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ட சீக்கியர் உணவின் எலிகள் கொழுத்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை ஏழையின் உணவை உண்ட எலிகள் கடைசியில் நின்றன. எலிக்குச் சாதி இல்லை, பூர்வ ஜென்மம் இல்லை. தட்டிலே வைத்தது எதுவோ அதுவே உடலாயிற்று.

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் வருவோம். அடுத்த குழந்தை பிறந்ததும், முலைப்பால் இழந்து, வயிறு பெருத்து, கைகால் சூம்பிப்போகும் பிள்ளையைச் ‘சவலை’ என்று நம் தாய்மார் அழைத்தனர். ஆப்பிரிக்காவின் கானா நாட்டுத் தாய்மாரும் அதே கருத்தில் ‘குவாஷியார்க்கர்’ என்றனர். 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி அச்சொல்லையே மருத்துவ நூலில் ஏற்றினார். கடல் கடந்த இரு நாட்டுத் தாய்மார் கண்டதொன்றே: உணவு நின்றது, பிள்ளை தேய்ந்தது. இவ்வளவு தெளிவாகப் பெயரிட்ட அறிவின்மேல் மந்திரக்காரன் வந்து திரையிட்டான். பட்சி தோஷம் என்றான்; தீட்டுக்காரி நிழல் பட்டது என்றான்; தாயத்துக் கட்டினான், வேப்பிலை அடித்தான், திருநீற்றை வாயில் போட்டான். தாயை நாம் ஏசமாட்டோம். மருத்துவமனை பத்துக் கல் தொலைவு, மந்திரக்காரன் பக்கத்துத் தெரு. அவள் வேறு எங்கே போவாள்?

மண் தின்னும் பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பல், சாக்கட்டி, பச்சரிசி, சுவர்ச் சுண்ணாம்பு, எது கிடைத்தாலும் வாயில் இடும். அடிக்கிறார்கள், கையில் சூடு போடுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைந்த உடலிலே இத்தகைய வேட்கை எழுவதுண்டு. வேட்கைக்கு மண்ணைத் தின்கிறது. மண்ணிலே உருளைப்புழுவின் முட்டை. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 2 இலட்சம் முட்டை வரை இடும். அந்தப் புழு குடலிலே அமர்ந்து, உண்ட சோற்றிலும் பங்கு கேட்கிறது. நோயின் குறியையே குற்றமாக்கி அடிக்கிறோம்.

சோறு முதலா, மாத்திரை முதலா என்று வாதிடுவோர் உண்டு. சோற்றின் கதையில் இந்த இயக்கத்துக்குப் பெருமை உண்டு; 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தந்தது. 1950களில் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரம் அவ்வரலாற்றில் இடம்பெற்ற ஊர். 1982இல் சத்துணவாக விரிந்தது, முட்டை சேர்ந்தது, 2022 செப்டம்பர் 15இல், அண்ணா பிறந்த நாளில், காலை உணவும் வந்தது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுவதென்ன? தமிழகத்தில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. பள்ளிக்கு வருமுன்பே பாதிப்பு நேர்ந்துவிடுகிறது.

மாத்திரை மட்டும் போதுமா? உத்தரப்பிரதேசத்தில் பத்து இலட்சம் சிறு குழந்தைகளிடையே, ஆறு மாதத்துக்கொரு முறை பூச்சி மருந்து கொடுத்து நடத்திய பெருஞ்சோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தது. குழந்தைகளின் எடையிலோ, சாவு எண்ணிக்கையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அங்கே புழுச்சுமை குறைவு என்பது உண்மைதான். மிகுந்த இடத்தில் மருந்தின் பயன் கூடும். மாத்திரை வேண்டாம் என்பார் பக்கம் நாம் சேரோம். மலிவானது, தீங்கற்றது, சோகை பிடித்த பிள்ளைக்கு உடனே உதவுவது. ஆனால் மாத்திரையை விழுங்கிய பிள்ளை மாலையில் அதே மண்ணுக்குத்தானே திரும்புகிறது?

மண்ணைத் தூய்மையாக்குவதிலே சாதி வந்து நிற்கிறது. கழிப்பறை கட்டப் பணம் வருகிறது. கட்டிய பிறகு விறகு அடுக்கி வைக்கிறார்கள். ஏன்? குழி நிறைந்தால் அதைத் தொடுவது யார் என்னும் அச்சம்! வீட்டருகே மலக்குழி தீட்டு. ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் கிடந்தால் தீட்டில்லை. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைச் சட்டம் 2013இல் முழுதும் தடுத்துவிட்ட பிறகும், ஒரு சாதியாரின் கையை எதிர்பார்த்தே ஊர் நிற்கிறது. வருணாசிரமம் மலத்தையும் விட்டுவைக்கவில்லை. தீட்டு பேசிய உயர்சாதிக்காரன் வயிற்றிலும் அதனால் புழு உண்டு. அது மட்டும் சமத்துவம் பேணுகிறது.

நமக்கு நெருக்கமான ஓரிடம் எஞ்சியிருக்கிறது. மீன் குவியும் கரையிலே, நல்ல மீன் ஏலத்துக்குப் போகிறது. எஞ்சியது சட்டிக்கு வருகிறது. சட்டியில் நடுத்துண்டு கணவனுக்கு, அடுத்தது மகனுக்கு, குழம்பும் முள்ளும் அவளுக்கு. தமிழகப் பெண்களில் 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை என்கிறது அதே ஆய்வு. மாதந்தோறும் குருதி இழப்பவள், பேறுகாலத்தில் இழப்பவள், புழுவுக்கும் கொடுப்பவள், கடைசியில் உண்கிறாள். சோகைத் தாயின் குழந்தை இரும்புக் கடனோடு பிறக்கிறது. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட தோழர்களே, மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் நீங்கள், அவள் உண்டாளா என்று பானையைத் திறந்து பார்த்ததுண்டா?

ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்குக் குடற்புழு நீக்க மாத்திரை தருகிறார்கள். 1 முதல் 2 வயதுக்கு அரை மாத்திரை, பிறகு முழு மாத்திரை. தமிழகத்தில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் உண்டு, கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நீங்கலாக. அன்று வராத பிள்ளைகளுக்காக ஒரு வாரத்தில் மற்றொரு நாள் வைத்திருக்கிறார்கள். அளத்துக்கும் தோட்டத்துக்கும் பெற்றோருடன் போன பிள்ளைகள் இரு நாளும் வருவதில்லை. புழு மிகுந்திருக்கக் கூடியவரும் அவர்களே. படிப்பகத்துத் தோழர்கள் வருகைப் பதிவைக் கேட்டு வாங்கி, விடுபட்ட பெயர்களைத் தெருவாரியாக எழுதிக்கொண்டு போகலாம். போகும்போது அப்பள்ளியின் கழிப்பறையில் நீர் வருகிறதா என்றும் பாருங்கள். அதைக் கழுவுபவர் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார், அவருக்கு மாதம் என்ன தருகிறார்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.